விருந்தாளிக்கு அனுப்பிய கஞ்சி

ஜனவரி 8

இட்லி மாவு இன்றும் பொங்கவில்லை. டெல்லிக் குளிரில் கம்பளியைச் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் மாவு கல்லாகத்தான் கிடக்கிறது. ரவை உப்புமா கிளறினேன். உப்புமா என்றால் முகம் சுளிக்கிற மனிதர் இன்று வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அப்போதே நான் விசாரித்திருக்க வேண்டும்.

பிறகு மகள் உமையாள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். ஒரு வாரப் பத்திரிகை அப்பாவின் படத்தை அட்டையில் போட்டிருக்கிறதாம். நான் அதை வாங்கிப் படிக்கக் கூடாதாம். காவலுக்கு நிற்கிற பையனை அனுப்பி வாங்கிவரச் சொன்னேன்.

ஜனவரி 9

படித்தேன். இவரைப் பற்றி அவர்கள் எழுதாததை நான் எழுதி வைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்துப் பள்ளி வாத்தியாரின் மகன் ஆவுடையப்பன். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி வடகிழக்கு மலைகளில் பத்து வருஷம் கிடந்தவர். ஆயுதம் வைத்திருந்த கூட்டத்தோடு பேச, துப்பாக்கி இல்லாமல் தனியாக மலையேறிப் போய், பிடித்துவைத்திருந்த ஆசிரியர்களை அழைத்துவந்தவர். அதைப் பார்த்துத்தான் மத்தியத் தகவல் இயக்ககத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே படிப்படியாக ஏறி, இன்று நாட்டின் உளவு வேலை முழுவதற்கும் தலைவர். ஓய்வு பெற்றிருக்க வேண்டியவரை, இரண்டு முறை பதவியை நீட்டித்துக் கையைப் பிடித்து உட்காரவைத்தது அரசாங்கம்தான்.

பத்திரிகை சொல்வது வேறு. மூத்தவர்கள் இரண்டு பேரை மிதித்துக்கொண்டு மேலே வந்தாராம். மந்திரிகள் பேசுவதையே ஒட்டுக்கேட்டாராம். கேட்பதுதானே இவர் வேலை.

மூன்றாவதாக ஒன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கிளமென்ட் மச்சாது என்ற தூத்துக்குடிக்காரரை, சரக்குக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவரை, கடற்படை ரகசியங்களை விற்றார் என்று பிடித்தார்கள். பெரிய உளவுக் கும்பலை உடைத்ததாக நாடாளுமன்றத்திலேயே பாராட்டினார்கள். அடுத்து வந்த பொங்கலுக்கு முன்பே அவர் காவலிலிருந்து தப்பி, படகேறி வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்று அறிவித்தார்கள். இப்போது, இவருக்குக் கீழே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சொல்கிறார்: மச்சாது எங்கேயும் ஓடவில்லை, நம் கையிலேயே செத்துப்போனார் என்று.

இவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வெளியே விடச் சொல்கிறவர்.

ஜனவரி 15

பொங்கல். புல்வெளியில் பானை வைத்தேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிற பக்கத்துப் பங்களாப் பெண்கள் யாரும் வரவில்லை. காவலர்களுக்குக் கொடுத்தும் மீந்துவிட்டது.

ஜனவரி 23

இவரை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணைக் கமிஷன் போட்டிருக்கிறார்கள். மந்திரிக்கு இவர் நான்கு தடவை போன் செய்தார். உதவியாளர்தான் எடுத்தார். நான்காவது தடவை உதவியாளரும் எடுக்கவில்லை.

பிறகு தோட்டத்துக்குப் போய், பூத்திருந்த ரோஜாக் கிளைகளையெல்லாம் வெட்டிப்போட்டார். வெட்ட வேண்டிய மாதம்தான் என்றார்.

பிப்ரவரி 4

வாசல் காவலை எடுத்துவிட்டார்கள். கேட்டை நானே திறந்து நானே சாத்துகிறேன். காலையில் பூங்காவில் என்னோடு நடக்கும் பெண்கள், என்னைக் கண்டதும் அடுத்த பாதையில் திரும்பினார்கள். குளிர் அதிகம். நாளையிலிருந்து போகப்போவதில்லை.

பிப்ரவரி 11

தொலைக்காட்சியில் தரம்பால். எங்கள் பழைய டிரைவர். நரைத்துப் போயிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு பூட்டிய வீட்டுக்குத் தினமும் பிளாஸ்கில் சாப்பாடு கொண்டுபோனதாகவும், அதைக் கொடுத்தனுப்பியது மேம்சாப், அதாவது நான், என்றும் கமிஷனில் சொன்னாராம். உள்ளே இருந்தவரை அவர் பார்க்கவில்லையாம். இருமல் மட்டும் கேட்குமாம்.

தரம்பாலுக்கு வயதாகிவிட்டது.

பிப்ரவரி 12

வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். திரைச்சீலைகளைத் துவைத்துப்போட்டேன்.

பிப்ரவரி 14

கஞ்சி அனுப்பியது உண்மைதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? "நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் வேலை விஷயமா வந்திருக்கான். காய்ச்சல். சப்பாத்தி இறங்கல" என்று இவர் சொன்னார். நொய்யரிசியில் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்தேன், தொட்டுக்கொள்ளத் துவையல் அரைத்தேன். பிளாஸ்க் கழுவித் திரும்பி வரும். அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்த வேலை பார்க்கிறவரின் மனைவிக்கு அழகு என்று கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டேன்.

அது பொங்கலுக்கு முன்பா பின்பா என்று எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 18

சிவராத்திரி. விரதம். அடுப்பு மூட்டவில்லை.

அந்த வருஷமும் விரதம்தான். விரத நாளிலும் கஞ்சி காய்ச்சச் சொல்கிறாரே என்று முணுமுணுத்தேன். "நோயாளி செம்பகம், பாவம்" என்று இவர் சொன்னார். கோயிலுக்குப் போக நேரமாகிவிட்டதே என்று ஈரத்தலையோடு அடுப்படியில் நின்றேன்.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 25

எனக்கும் கமிஷனிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. வக்கீல் சந்தானகோபாலன் வந்து உட்கார்ந்து, எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று பழக்கினார். கஞ்சி வாசல் காவலர்களுக்குப் போனது என்று சொன்னால் நல்லதாம். வாசல் காவலர்களுக்குக் காரில் எதற்குக் கஞ்சி போகிறது என்று கேட்டேன். அவர் இவரைப் பார்த்தார்.

வக்கீல் போனதும் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷமாயிற்று, பகலில் இப்படி அருகில் உட்கார்ந்து.

"நீ பொய் சொல்ல வேண்டாம். ஞாபகம் இல்லன்னு சொன்னா போதும். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி வச்ச கஞ்சி எவளுக்கு ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு இருக்கே" என்றேன்.

இவர் என் கையை விட்டுவிட்டார்.

மார்ச் 2

உமையாள் வந்திருக்கிறாள். மாப்பிள்ளை வரவில்லை. அவர் அலுவலகத்தில் கேட்கிறார்களாம். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே மேஜையில் சாப்பாடு.

அடுப்படியில் என் பின்னால் வந்து நின்று அவள் சொன்னாள்: "அம்மா, நீ என்ன சொல்லப் போறேன்னு எங்கிட்ட சொல்லாத. நீ எதச் சொன்னாலும் நான் ஒருத்தரை வெறுக்க வேண்டியிருக்கும்."

மத்தியான விமானத்துக்கே திரும்பிவிட்டாள். வறுத்து வைத்த வாழைக்காய்ச் சீவலை எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 7

காவல் இருந்திருந்தால் அந்தப் பெண் உள்ளே வந்திருக்க முடியாது. மணியடித்தது. எரிவாயு சிலிண்டர்காரர் என்று போய்க் கதவைத் திறந்தேன். பருத்திச் சேலை, கையில் துணிப்பை, நாற்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் சின்னச் சிலுவை. டெல்ஃபின் மச்சாது. கிளமென்டின் அக்கா. தூத்துக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியை.

சாரைப் பார்க்க வரவில்லை, உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தம்பி நாட்டை விற்றவன் என்று சுவரில் எழுதினார்களாம். தம்பியின் நிச்சயம் முறிந்துபோனதாம். தன்னையும் அதன் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லையாம். இதையெல்லாம் வகுப்பில் பாடம் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எங்கம்மா சாவுத வரைக்கும் மாதா கோயில்ல கடைசி வரிசையிலதான் உக்காந்தா. முன்னால போய் உக்கார அவளுக்குத் தைரியம் வரல. யாருக்கும் தண்டன வாங்கிக் குடுக்க நான் வரல. எந்தம்பி ஓடிப்போகலன்னு ஒருத்தர் சொன்னா போதும்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அவர் தண்ணீரைக் குடிக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 8

மலை மந்திருக்குப் போனேன். முருகனிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. இவரைக் காப்பாற்று என்று கேட்டால் அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார். உண்மையைச் சொல்லப் பலம் கொடு என்று கேட்டால், கம்பிக்குப் பின்னால் இவர் முகம். எழுபதை நெருங்குகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம். மாத்திரையை நான் எடுத்து உள்ளங்கையில் வைத்தால்தான் போட்டுக்கொள்வார். அங்கே யார் எடுத்து வைப்பார்கள்?

திருநீற்றை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

மார்ச் 12

இன்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் இவர் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி. தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பையன் அந்த மச்சாதுதானா?"

ஆமாம் என்று தலையசைத்தார். பிறகு அவராகவே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆள் மாறிப்போய்விட்டதாம். தூத்துக்குடியில் மச்சாது என்ற பேரில் எத்தனையோ குடும்பம். தேடிய மச்சாது வேறொரு கப்பலில் இருந்தவன், இவர்கள் வருவதற்குள் உண்மையிலேயே வெளிநாடு போய்விட்டவன். பிடித்து வைத்தது கிளமென்டை. அது தெரியவந்தபோது நாடாளுமன்றத்தில் கைதட்டி முடித்திருந்தார்கள். இயக்ககத்தின் தலைமைக்கு இவர் பெயர் மந்திரி மேஜையில் இருந்தது. தப்பான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? தப்பி ஓடிவிட்டான் என்று அறிவித்துவிட்டு, சத்தம் அடங்கியதும் வேறு பேரில் எங்காவது அனுப்பிவிடலாம் என்று யோசனை. அதற்குள் காய்ச்சல்.

"அடிச்சீங்களா?"

"நான் அடிக்கல."

"வேற யாரும்?"

தொட்டி மண்ணை விரலால் கிளறினார். "டாக்டரைக் கூப்பிடல, செம்பகம். கூப்பிட்டா அந்த வீடு வெளிய தெரிஞ்சிரும். உன் கஞ்சிலயே தேறிருவான்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வருஷம் தலைமைப் பதவி வந்தபோது இந்த வீட்டில் இருநூறு பேருக்கு விருந்து வைத்தோம். நான் அரக்குப் பட்டு உடுத்தியிருந்தேன்.

மார்ச் 13

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அரிசி களைந்த கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது. குழாய் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இவர்தான் வந்து மூடினார்.

மார்ச் 17

வக்கீல் மறுபடியும் வந்தார். நான் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டால், தரம்பால் ஒருவரின் பேச்சை வைத்து ஒன்றும் செய்ய முடியாதாம். இவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் ரத்தம் ஓடியது. காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கடவுளே, எனக்கு ஏதாவது நோய் வந்து நாக்கு இழுத்துக்கொள்ளக் கூடாதா?

மார்ச் 19

போனேன். சொன்னேன்.

பெரிய அறை, நீளமான மேஜை. நீதிபதி தன்மையானவர், என்னை உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் இருந்தாள். எனக்கு ஹிந்தி தெரியும் என்றாலும் தமிழில் சொல்கிறேன் என்றேன். பொய் சொன்னால் எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். இதை என் மொழியில்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

கஞ்சி வைத்தீர்களா என்று கேட்டார்கள். வைத்தேன். யாருக்கு? பெயர் தெரியாது, நம் பக்கத்துப் பையன், காய்ச்சல் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எதுவரைக்கும் அனுப்பினீர்கள்?

வக்கீல் சந்தானகோபாலன் எழுந்து, சாட்சிக்கு வயதாகிவிட்டது, இவ்வளவு பழைய விஷயம் நினைவிருக்க வாய்ப்பில்லை என்றார். அது எனக்கு அவர் எடுத்துக்கொடுத்த பதில். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம். இவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவராத்திரி வரைக்கும் அனுப்பினேன்" என்றேன். "விரதத்துல அடுப்பு மூட்டினேன். அதனால மறக்கல. மறுநாள் இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

பொங்கலுக்கு முன்பே ஓடிப்போனவருக்கா சிவராத்திரிக்குக் கஞ்சி போனது என்று நீதிபதி யாரையும் கேட்கவில்லை. அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பின்வரிசையில் டெல்ஃபின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு ஒரே காரில்தான் வந்தோம். இறங்கும்போது வழக்கம்போல எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 20

உமையாளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 24

இவர் சாப்பிடவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்கி மேஜையில் வைக்கிறார். சண்டை போட்டேன், கெஞ்சினேன், காலைக்கூடத் தொட்டுவிட்டேன். "நீ ஒண்ணும் தப்பு செய்யல" என்றார். அதைவிடக் கையை ஓங்கியிருக்கலாம்.

வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எங்கே போவது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போகப்போவதில்லை என்று தெரியும்.

மார்ச் 27

டெல்ஃபின் போன் செய்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. தம்பியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். எரித்தார்களா, புதைத்தார்களா, ஆற்றில் போட்டார்களா, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்ற வார்த்தையில் குரல் உடைந்து போனை வைத்துவிட்டார்.

இவரிடம் கேட்டேன்.

"இடத்தைச் சொன்னா கேஸ் என் கழுத்துல இறங்கிரும். உடம்பு இல்லாத வரைக்கும்தான் வக்கீலுக்குப் பேச வாய் இருக்கு" என்றார்.

"நீங்க எனக்குச் சொன்னா நான் அவகிட்ட சொல்லுவேன். மறைக்க மாட்டேன். அதத் தெரிஞ்சுக்கிட்டே சொல்லுங்க."

எழுந்து போய்விட்டார்.

மார்ச் 31

காலையில் இரண்டு வண்டிகள் வந்தன. கைது. வந்த அதிகாரிகளில் ஒருவர் இவரிடம் பயிற்சி எடுத்தவர். சல்யூட் அடிக்க உயர்ந்த கையைப் பாதியில் இறக்கினார். இவர் குளித்துவிட்டு வருகிறேன் என்று அனுமதி கேட்டார். தன் வீட்டில் குளிக்க அனுமதி.

மாத்திரைகளைப் பையில் போட்டு, எது காலை, எது ராத்திரி என்று அந்த அதிகாரியிடம் சொன்னேன். பாவம், கவனமாகக் கேட்டுக்கொண்டார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். கயிறு இரண்டு தடவை நழுவியது. நான் குனிந்து கட்டினேன். அப்போதுதான், என் தலைக்கு மேலே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எரிக்கல. கழுத்துல சிலுவை கெடந்துது. நான்தான் கல்லறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்." ஊருக்கு வடக்கே இருக்கிற ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைச் சொன்னார். "ஜோசப்புன்னு பேர். கடைசிச் சுவர் ஓரம். பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொன்னேன், செம்பகம். அதைச் செஞ்சேன்."

நிமிர்ந்து பார்த்தேன். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லவேண்டும் போலும். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தேன்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் டெல்ஃபினைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 6

வெயில் வந்துவிட்டது. டெல்ஃபின் ரயிலில் வந்தார். நிலையத்திலிருந்து இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். கண்ணாடித் தாளில் சுற்றிய மெழுகுவத்திகளை மடியில் வைத்திருந்தார். வழியில் ஒரு இடத்தில், தம்பி ஏதாவது சொல்லியனுப்பினானா என்று கேட்டார். இல்லை என்றேன்.

கல்லறைத் தோட்டக்காரர் கடைசிச் சுவரைக் காட்டினார். காய்ந்த புல்லுக்குள் ஒரு சிமென்ட் சிலுவை, பாதி மண்ணில். ஜோசப் என்று ஆங்கில எழுத்தில். அப்பா பேர், ஊர் பேர் எதுவும் இல்லை. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். நானும் ஒரு மெழுகுவத்தி ஏற்றவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவனுக்குக் கடைசியாகச் சோறு கொடுத்தவள் நான்தானே.

சிலுவைக்குச் சில அடிகள் முன்னால் டெல்ஃபின் நின்று திரும்பினார். கோபமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நீங்க வெளிய நில்லுங்க."

வெளியே வந்து நின்றேன். வாசலில் நிழல் இல்லை. உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண் ஜெபம் சொல்வது கேட்டது. பிறகு அது ஜெபமாக இல்லை. தம்பியின் பேரைச் சொல்லி, வீட்டுக்குள்ளிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வர மதியமாகிவிட்டது. முழங்கையெல்லாம் மண். என்னைத் தாண்டிப் போய், தனியாக ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தின் கேட் திறந்தேதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை.